புகை தின்னாத மடையான்

“இடது பக்கம்.”

“மறுபடியுமா?”

“மறுபடியும். பின்னால எவனாவது வந்தா இடது. முன்னால எவனாவது ஓடினா இடது. யாருமே இல்லாதப்பகூட சும்மா ஒரு தடவை இடது பக்கம் திரும்பிப் பாத்துக்கறான். கல்யாணப் பந்தியில அப்பளத்தைக்கூட இடது பக்கத்துலேர்ந்துதான் உடைப்பான்னு நினைக்கிறேன்.”

“நீ ஆசைப்படறதுனால இடது பக்கமாத் தெரியலையே?”

“நான் ஆசைப்பட்டதெல்லாம் நடந்திருந்தா மேடம், இந்நேரம் பனி கொட்டுற ஏதோ ஒரு ஊர்ல நீளக் கோட்டு போட்டுக்கிட்டுத் துப்பறிஞ்சிட்டிருப்பேன். பஜ்ஜிக் கடை மாடியில இல்ல.”

என் ஆசைகளுக்குப் பதில் சொல்வதை நீலாம்பாள் மேடம் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே நிறுத்திவிட்டார். லேப்டாப் திரையில் பழைய காலத்துப் போர் விமானம் ஒன்று, கடலுக்கு மேலே, இடது இறக்கையைச் சாய்த்து வட்டமடித்துக்கொண்டிருந்தது. கீழே ஒரு கப்பல் எரிந்து, புகை சாய்வாக மேலே போனது. விமானத்தின் தலைக்கு மேல் அதை ஓட்டுபவரின் பெயர் ஆங்கில எழுத்தில் மிதந்தது. மடையான். வயலில் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, கடன்காரனைப் பார்த்தவன்போல் அசையாமல் நிற்குமே, அந்தக் கொக்கின் பெயர்.

கீழே எண்ணெய் காய்ந்தது. தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்தின் பக்கத்தில் எங்கள் விசாரணை நிலையம் இருக்கிறது. வாசனையைப் பிடித்துக்கொண்டு வந்தாலே போதும், முகவரி தேவையில்லை. பெரும்பாலும் வாசனையைப் பிடித்துக்கொண்டு வருபவர்கள் கீழேயே நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் எங்கள் தொழிலின் ஒரே பிரச்சினை.

இந்த முறை ஒருவர் மேலே ஏறி வந்திருந்தார். விண்ணரசி. ஒரத்தநாடு பக்கம் ஒரு கிராமம். மகளிர் குழுவில் பயிருக்கு மருந்து அடிக்கும் வேலை. உளுந்துக்கு அடித்த மருந்தின் நெடியோடு அப்படியே வந்து உட்கார்ந்து, தன் கணவர் லியோவின் கதையைச் சொன்னார்.

லியோ, சவரிராஜ் என்பவரின் நெல் அறுப்பு மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தவர். அறுவடை நடுவில் மெஷினை வரப்பின்மேல் ஏற்றிச் சாய்த்துவிட்டார். சவரிராஜ் வயலில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் அவரை வேலையைவிட்டுத் துரத்தினார். லியோ நேராக டீக்கடைக்குப் போய், “அந்த மெஷின் அடுத்த போகத்தைப் பாக்காது” என்று அறிவித்தார். பேசுவதற்கு முன் யோசிக்கும் பழக்கம் அந்த வீட்டில் ஒருவருக்குத்தான் உண்டு, அது லியோ இல்லை. அடுத்த ஞாயிறு சாயங்காலம் மெஷின் வயலோரத்தில் எரிந்து எலும்புக்கூடாக நின்றது.

அந்த நேரத்தில் எங்கே இருந்தாய் என்று இன்ஸ்பெக்டர் வளவன் கேட்டதற்கு, லியோ சொன்ன பதில்: “வானத்துல இருந்தேன் சார்.”

வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. விமானப்போர் சிமுலேட்டர். நிஜ விமானத்தில் இருப்பதைப் போலவே ஓட்டுகிற தடி, காலுக்கு மிதி. உலகம் முழுக்க ஆட்கள் இணையத்தில் வந்து ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்தி, நன்றி சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்த ஞாயிறு சாயங்காலம் தமிழ்நாட்டு அளவிலான போட்டியின் இறுதி ஆட்டம். மடையான் ஜெயித்தது. ஆயிரக்கணக்கானவர்கள் நேரலையில் பார்த்தார்கள். மடையான் என்பது லியோவின் கணக்கு. முகம் காட்டவில்லை, குரலும் இல்லை.

“விமானம் பறந்ததுக்கு ஊரே சாட்சி மேடம்” என்றார் வளவன். “ஓட்டினது யாருன்னு சாட்சி சொல்றது வெறும் நாற்காலிதான். நீங்க பாத்து, லியோதான் ஓட்டினான்னு சொல்லுங்க, விட்டுடறேன். இல்லன்னா நாளைக்குக் காலையில கூட்டிட்டுப் போறேன்.”

மேடத்தின் வார்த்தைக்கு அந்த மதிப்பு சும்மா வரவில்லை. பதினெட்டு வருடம் பயிர்க் காப்பீட்டு சர்வேயராக இருந்தவர். மூழ்காத வயலில் மூழ்கிய பயிரையும், காயாத வயலில் காய்ந்த பயிரையும் பார்த்துப் பார்த்து, கண்ணீர் என்றாலே அதன் ஊற்று எங்கே என்று விசாரிக்கும் பழக்கம் வந்துவிட்டது. ஒரு பொய்க்கு அவர் கையெழுத்துப் போட்டதாக இந்த ஜில்லாவில் யாரும் சொல்ல முடியாது. நிறையப் பேருக்கு அதில் வருத்தம் உண்டு.

“தோண்டிப் பாருங்க மேடம்” என்று விண்ணரசி சொல்லிவிட்டுப் போயிருந்தார். “ஒரு இடம் விடாம தோண்டிப் பாருங்க.” இவ்வளவு உற்சாகமாகத் தன் வீட்டைத் தோண்டச் சொல்லும் கட்சிக்காரரை நாங்கள் அதற்குமுன் பார்த்ததில்லை.

“சரி, இடது” என்றார் மேடம். “அதுக்கு என்ன இப்போ?”

நான் காத்திருந்த கேள்வி. “அறுப்பு மெஷின் வயலை எப்படிச் சுத்தும்? அறுக்காத பயிரை இடது பக்கம் வச்சுக்கிட்டு, இடதாவே சுத்திச் சுத்தி உள்ள வரும். அஞ்சு வருஷம் காலையிலேர்ந்து பொழுது சாயற வரைக்கும் இடது பக்கமே திரும்பினவன், வானத்துல விட்டா மட்டும் வலது பக்கம் திரும்பிடுவானா? ஓட்டினது மெஷின்காரன். லியோ. வழக்கு முடிஞ்சுது. நான் கீழ போயி ரெண்டு வாழைக்காய் பஜ்ஜி சொல்லவா?”

மேடம் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். அதில் பாராட்டு இருந்ததாகவே இன்றுவரை நம்புகிறேன்.

“நல்லாத்தான் இருக்கு” என்றார். “நல்லா இருக்கறதுனாலதான் சந்தேகமா இருக்கு. மடையான்கிட்ட சுடப்பட்டவங்க யாராவது பக்கத்துல கிடைப்பாங்களா?”

“ஃபைனல்ல தோத்தவங்க திருவாரூர்லதான் இருக்காங்க. செத்தவங்க வாக்குமூலத்துக்கு மதிப்பு உண்டா மேடம்?”

“வண்டியை எடு.”

*

ஹஃப்ஸா இயற்பியல் முதுகலை படிக்கிற பெண். பல்கலைக்கழகத்துக்குப் போகும் சாலையில் இருந்த டீக்கடையில் எங்களுக்காகக் காத்திருந்தார். தோற்றுப்போன விஷயத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம் என்றதும், கோர்ட்டில் ஆஜராகிற வக்கீலைப்போல இரண்டு உளுந்து வடைகளைத் தட்டில் வாங்கி எங்கள் முன்னால் வைத்தார்.

“இது நான். இது மடையான்.”

“ரெண்டுலயும் ஓட்டை இருக்கே” என்றேன்.

“எனக்கு விழுந்தது ஃபைனல்லதான். மடையானுக்கு இன்னும் யாரும் போடலை.” வடைகளைக் கையில் எடுத்தார். “மேடம், இதுல மொத்த விஷயமும் உயரம்தான். மேல இருக்கறவன் வாய்க்கால் தண்ணி முதல்ல பாயற தலைமடைக்காரன் மாதிரி. எப்ப வேணும்னாலும் கீழ பாஞ்சு, உயரத்தை வேகமா மாத்திக்கலாம். கீழ இருக்கறவன் கடைமடை. வர்றது வரட்டும்னு பாத்துட்டு உக்காந்திருக்கணும்.”

“இது எனக்குப் புரியுது” என்றார் மேடம். டெல்டாவில் இதைப் புரிந்துகொள்ள இயற்பியல் தேவையில்லை.

“மடையான் கீழ வந்து தங்கவே மாட்டாங்க. பாய்வாங்க, ஒரு தடவை சுடுவாங்க, அதே வேகத்துல மறுபடியும் மேல ஏறிடுவாங்க. துரத்தி ஏறினா நமக்கு வேகம் தீந்து அந்தரத்துல நிப்போம். அப்ப நிதானமாத் திரும்பி வந்து கொத்துவாங்க. அதனால நான் என்ன பண்ணினேன், அவங்களைக் கத்தரிக்கு இழுத்தேன்.”

“கத்தரின்னா?”

இரண்டு வடைகளும் மேசைமேல் ஒன்றையொன்று குறுக்கே வெட்டி வெட்டிப் போயின. “இப்படிக் குறுக்க குறுக்கப் போறது. யாரு மெதுவாப் போறாங்களோ அவங்க பின்னால வந்துடுவாங்க. பின்னால இருக்கறவங்க சுடுவாங்க. முன்னால போறவங்க சாவாங்க.”

“மன்னார்குடி ரோட்டுல மினி பஸ்ஸும் டவுன் பஸ்ஸும் பண்றதுதான்” என்றேன். “யாரு கடைசியா ஸ்டாப்பை விட்டுக் கிளம்பறாங்களோ அவங்களுக்குத்தான் கூட்டம்.”

“அதேதான். அங்க துப்பாக்கி கிடையாது.”

“கண்டக்டர் வாய் இருக்கு.”

மேடம் இருமினார். அது எனக்கான சைகை. நான் என் இடது பக்கக் கொள்கையை எடுத்து வைத்தேன். அறுப்பு மெஷின், அறுக்காத பயிர், ஐந்து வருடம், எல்லாவற்றையும் நல்ல ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன். ஹஃப்ஸா முழுவதையும் மரியாதையாகக் கேட்டார்.

“அந்த விமானத்துல எல்லாருமே இடது பக்கம்தாங்க திரும்புவாங்க. இஞ்சின் சுத்துற சுத்துக்கு அது தானாவே அந்தப் பக்கம் சாயும். வலது பக்கம் திருப்பறது குளத்துலேர்ந்து எருமையை எழுப்பற மாதிரி. நானும் இடதுதான். எங்க வாப்பாகிட்ட அறுப்பு மெஷின் எதுவும் இல்லை.”

என் கொள்கை அந்த டீக்கடையில் சத்தமில்லாமல் விழுந்தது. துக்கத்தில் நான் ஒரு வடையை எடுத்துக் கடித்தேன்.

“அது நான்” என்றார் ஹஃப்ஸா.

“மன்னிச்சுக்குங்க.”

“பரவால்ல. பழகிடுச்சு.”

மேடம் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். “எல்லாரும் பண்றதை விடும்மா. வேற யாரும் பண்ணாத ஒண்ணு, மடையான் மட்டும் பண்றது, ஏதாவது இருக்கா?”

ஹஃப்ஸா யோசிக்கவே இல்லை. “புகை.”

“புகையா?”

“மடையான் புகை தின்னமாட்டாங்க. எனக்குத் தெரிஞ்சு வேற யாருக்கும் இந்தக் கிறுக்கு கிடையாது. சண்டை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கீழ எரியற கப்பலைப் பாப்பாங்க. புகை எந்தப் பக்கம் சாயுதோ அதுக்கு எதிர்ப் பக்கமா, காத்து வர்ற பக்கமாப் போயி நின்னுக்குவாங்க. அதுல ஒரு லாபமும் கிடையாது மேடம். காத்து ரெண்டு பேரையும் ஒண்ணாத்தான் தள்ளும். ஓடற ரயிலுக்குள்ள ஓடிப் பிடிச்சு விளையாடற மாதிரி. ரயில் எந்தப் பக்கம் போனா என்ன?”

“லாபம்தான் இல்ல. நஷ்டம்?”

“நஷ்டம் இருக்கு. ஃபைனல்ல என் இஞ்சின்ல அடி. என் பின்னால ஒரே கரும்புகை. மத்தவங்களா இருந்தா வாலைப் பிடிச்சுட்டே வந்து முடிச்சிருப்பாங்க. மடையான் அந்தப் புகையைப் பாத்ததும் விலகிப் போயி, ஒரு பெரிய சுத்துச் சுத்தி, காத்து வர்ற பக்கமாத் திரும்பி வந்தாங்க. அந்த நேரத்துல நான் தப்பிச்சு, திரும்பி, கிட்டத்தட்ட ஜெயிச்சிருப்பேன். திரையில வர்ற புகை மேடம். அது யாரை என்ன பண்ணும்? தும்மலா வரும்?”

“எல்லா ஆட்டத்துலயும் இப்படியா?”

“பழசெல்லாம் தேடிப் பாத்தேன். தோத்தவங்களுக்கு வேற என்ன வேலை? ரெண்டு வருஷமா இப்படித்தான். அதுக்கு முன்னாடி இல்லை. அப்பல்லாம் மடையான் கண்ணை மூடிக்கிட்டு எல்லாப் புகைக்குள்ளயும் பூந்து, எதிரியைத் துரத்திக்கிட்டே போயி, அவனுக்கு முன்னாடி கடல்ல விழுந்து சாவாங்க. அப்புறம் திடீர்னு புத்தி வந்துருச்சு.”

“அனுபவம்” என்றேன்.

“கல்யாணமா இருக்கும்” என்றார் மேடம். கண்ணாடி டம்ளரை மெதுவாக மேசையில் வைத்தார். அந்த வேகத்தில் அவர் எதையாவது கீழே வைத்தால் எங்கோ யாருக்கோ கெட்ட நேரம் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

“ஒரு உதவி பண்ணுங்க” என்றார் ஹஃப்ஸா நாங்கள் எழுந்தபோது. “அவங்களைப் பாத்தா, இன்னொரு ஆட்டம் வரச் சொல்லுங்க. மெசேஜுக்குப் பதிலே போடமாட்டேங்கறாங்க. புகையைப் பத்தி நான் சொன்னதைச் சொல்லிடாதீங்க. எனக்கு மிஞ்சி இருக்கறது அது ஒண்ணுதான்.”

*

“மன்னார்குடி வழியா விடு. ஒரத்தநாட்டுக்கு.”

“ஆபீசுக்கு இல்லையா?”

“விண்ணரசியைப் பாக்கணும்.”

நான் வண்டியைத் திருப்பினேன். இருபுறமும் அறுத்து முடித்த வயல்கள். வைக்கோலைச் சுருட்டிச் சுருட்டி உருளைகளாகப் போட்டிருந்தார்கள், ஏதோ ராட்சசன் பாயைச் சுருட்டி வைத்துவிட்டுக் குளிக்கப் போன மாதிரி. அறுத்த தாளுக்கு நடுவே உளுந்து பச்சையாகத் தலை நீட்டியிருந்தது. நான் படிக்கிற கதைகளில் துப்பறிபவர்கள் இந்த இடத்தில் மூடுபனிக்குள் குதிரை வண்டியில் போவார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு வைக்கோல் லாரி போனது. அது உதிர்த்ததில் பாதி என் வாயில்.

“லியோகிட்ட நீ ஃபைனலைப் பத்திக் கேட்டியே, என்ன சொன்னான்?”

“‘சுட்டேன், விழுந்துச்சு’ன்னாரு. அப்புறம் கோப்பை எவ்வளவு உயரம்னு சொன்னாரு.”

“விண்ணரசி?”

“அவங்க அரைமணி நேரம் சொன்னாங்க. பக்கத்துலயே உக்காந்து பாத்தாங்களாம். எந்த இடத்துல வேகம் குறைஞ்சுது, எந்த இடத்துல ஏறினது, எல்லாம். கையை வேற இப்படி இப்படி...” நான் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு விண்ணரசியின் கையைச் செய்து காட்டினேன். வலது கை மடியில் ஒரு தடியைப் பிடித்ததுபோல் மெல்லச் சாய்ந்தது.

என் கை அந்தரத்தில் அப்படியே நின்றது.

“ரோட்டைப் பாரு” என்றார் மேடம்.

*

விண்ணரசி வயலில்தான் இருந்தார். மருந்து அடிக்கும் வேலை என்றதும் முதுகில் டப்பாவைச் சுமந்து நடப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உளுந்து வயலுக்கு மேல் ஒரு டிரோன், பெரிய நண்டைப்போலக் காலை விரித்துக்கொண்டு, மருந்துத் தூறலைத் தெளித்தபடி போய்க்கொண்டிருந்தது. வயல் முடிகிற இடத்தில் மின்கம்பி. அதற்கு முன்னால் டிரோன் மேலே எழும்பி, நிதானமாகத் திரும்பி, மறுபடி இறங்கியது. நான் காலையிலிருந்து அதையேதான் லேப்டாப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன். கடல் மட்டும்தான் இல்லை.

விண்ணரசி கையில் ரிமோட்டோடு, மண்டை வெடிக்கிற வெயிலில், எதிர் வரப்பில் நின்றார். இந்த வரப்பில் வேப்பமர நிழல் காலியாகக் கிடந்தது. டிரோனை இறக்கிவிட்டு எங்களிடம் வந்தார்.

“வாங்க மேடம். என்ன ஆச்சு? இன்ஸ்பெக்டர்கிட்ட பேசிட்டீங்களா?”

“பேசணும். காத்து எந்தப் பக்கம்மா?”

“வடகிழக்கு” என்றார் விண்ணரசி, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

“நிழல் இங்க இருக்கு. நீங்க ஏன் அந்த வரப்புல போயி நிக்கறீங்க?”

“இங்க நின்னா மருந்து மூஞ்சியில அடிக்கும் மேடம். முதல் தடவை தெரியாம நின்னுட்டு, கண்ணைத் திறக்க முடியாம கிடந்தேன். அதுலேர்ந்து எங்க போனாலும் காத்தைப் பாத்துட்டுத்தான் நிப்பேன். பஸ் ஸ்டாண்டுல யாராவது பீடி குடிச்சாகூட மாறி நின்னுக்குவேன். மாதா கோயில் பூசையில தூபம் காட்டினாகூட இடம் மாறி உக்காந்துக்குவேன், சாமியாரு ஒரு மாதிரியாப் பாப்பாரு...”

சிரித்துக்கொண்டே சொன்னவர், சிரிப்பை நிறுத்தினார். மேடத்தின் முகத்தைப் பார்த்தார். பிறகு டிரோனைப் பார்த்தார்.

“கப்பல் எரிஞ்சாலும்” என்றார் மேடம்.

தூரத்தில் ஒரு டிராக்டர் சினிமாப் பாட்டோடு போனது. மடையான் ஒன்று, நிஜ மடையான், வாய்க்கால் ஓரத்தில் நின்று எங்களைக் கவனித்துக்கொண்டிருந்தது. இந்தக் கூட்டத்தில் எதற்கும் ஆச்சரியப்படாதது அது மட்டும்தான்.

“அவரு ரொம்ப மோசமா ஓட்டுவாரு மேடம்” என்றார் விண்ணரசி கடைசியில். “எதிரி பின்னாலேயே போயி விழுவாரு. பாக்கச் சகிக்காது. ஒரு நாள் அவரு சாப்பிடப் போனப்ப நான் உக்காந்தேன். அப்புறம் அவரு அந்த நாற்காலிக்குத் திரும்பி வரவே இல்ல.”

“ஊர்ல அவருக்குத்தானே மாலை போட்டாங்க?” என்றேன்.

“போட்டுக்கட்டுமே. வேலை போன மனுசன், ஒரு மாலையாவது இருக்கட்டும். பொம்பளைன்னு தெரிஞ்சா ஆட்டம் ஆரம்பிச்ச உடனே நாலு பேரு சேந்து வருவானுங்க. மடையான்னா ஒவ்வொருத்தனாத்தான் வர்றான்.” ரிமோட்டின் கைப்பிடியைத் துணியால் துடைத்தார். “இதைப் பத்தடிக்கு மேல விடக்கூடாது மேடம். மருந்து பறந்துடும். நாள் பூரா பத்தடி. அங்க மேகத்துக்கு மேல போகலாம். மேல போயி ஒரு நிமிஷம் சும்மா இருப்பேன். சுடமாட்டேன், ஒண்ணும் பண்ணமாட்டேன். வெயில் மட்டும் இருக்கும்.”

இந்த இடத்தில் கிண்டலாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

“கண்டுபிடிக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?” என்று கேட்டார் விண்ணரசி, மெஷினுக்கு எவ்வளவு டீசல் பிடிக்கும் என்று கேட்கிற குரலில்.

“ஒரு பகல்” என்றார் மேடம்.

“இன்ஸ்பெக்டருக்கு?”

“ஒரு ஆயுசு” என்றேன் நான்.

விண்ணரசி தலையாட்டினார். அதில் நிம்மதி இருந்தது. மேடம் அதைப் பார்த்துவிட்டார்.

“ஓட்டினது அவரு இல்லன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே, அவருதான்னு நிரூபிக்கச் சொல்லி எங்ககிட்ட வந்தீங்க. ஒரு இடம் விடாம தோண்டச் சொன்னீங்க. ஏம்மா?”

“டேங்குல நேரா மருந்தை ஊத்தமாட்டோம் மேடம். முதல்ல வெறும் தண்ணியை ஊத்தி ஓடவிடுவோம். எங்கேயாவது ஒழுகினா அப்பவே தெரிஞ்சுடும். மருந்து ஒழுகினா ஆளு காலி.” கூச்சமே இல்லாமல் எங்களைப் பார்த்தார். “இந்த ஜில்லாவுலேயே பொய்யைக் கண்டுபிடிக்கறவங்க நீங்கதான்னு சொன்னாங்க. உங்ககிட்ட ஒழுகலைன்னா வேற எங்கேயும் ஒழுகாது.”

ஆக, நாங்கள் தண்ணீர். துப்பறியும் துறைக்கு நான் வந்த நாளிலிருந்து எனக்குக் கிடைத்த பட்டங்களில் இதுதான் கொஞ்சம் கௌரவமானது.

“புகை” என்றார் விண்ணரசி. “புகையில ஒழுகிடுச்சு. எனக்கே தெரியாது மேடம், நான் அப்படிப் பண்றேன்னு.”

“லியோ அன்னைக்கு சாயங்காலம் எங்க இருந்தாரு?”

“தெரியாது.”

“தெரியாதுன்னா?”

“நான் ஃபைனல்ல உக்காந்தப்ப வீட்டுல இருந்தாரு. ஜெயிச்சுட்டுத் திரும்பிப் பாத்தா இல்லை. இருட்டினப்புறம் வந்தாரு. செருப்பு முழுக்கச் சேறு. எங்க போனீங்கன்னா வாயே திறக்கல. மெஷின் எரிஞ்சுது தெரியுமான்னேன், அவருக்கே அப்பத்தான் தெரியும். அந்த முகம் எனக்குத் தெரியும் மேடம். நடிக்க வராது அவருக்கு.”

“எரிச்சவன் சொல்லமாட்டானேம்மா.”

“இவரு சொல்லுவாரு. எரிக்கறதுக்கு முன்னாடியே டீக்கடையில சொன்ன ஆளு இவரு. எரிச்சிருந்தா முதல்ல என்கிட்ட வந்து சொல்லி, அழுது, என்ன பண்றதுன்னு கேட்டிருப்பாரு. எரிக்கலை. வேற எங்கேயோ போயிருக்காரு. அதைச் சொல்றதை விட ஜெயிலுக்கே போயிடலாம்னு நினைக்கிறாரு.” முதல்முறையாக அவர் குரல் தடுமாறியது. “அது என்னன்னுதான் எனக்குப் பயமா இருக்கு. அதை நான் கண்டுபிடிச்சுக்கறேன். அதுக்கு அவரு வெளியில இருக்கணும். உள்ள போயிட்டா இந்த மனுசன், அடிக்கற அடிக்கு எரிச்சேன்னு ஒத்துக்குவாரு. வாய் அப்படி.”

மேடம் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பதினெட்டு வருடம் வயல் வயலாக நின்று, எத்தனையோ நல்லவர்களின் எத்தனையோ நியாயமான பொய்களுக்கு இல்லை என்று சொன்ன முகம். அந்த முகம் இப்போது என்ன சொல்கிறது என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

அவர் கைப்பைக்குள் போன் அடித்தது. வெளியே எடுத்தார். திரையில் வளவன் பெயர்.

நான் விண்ணரசியைப் பார்த்தேன். அவர் நகர்ந்து நின்றிருந்தார். காற்று அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

“நீங்க பொய் சொல்ல வேணாம் மேடம்” என்றார். “மடையான் இடது பக்கமே திரும்பறதைச் சொல்லுங்க. அறுப்பு மெஷினும் இடது பக்கம்தான் சுத்தும்னு சொல்லுங்க. ரெண்டும் நிஜம்தானே. அந்தப் புகையை மட்டும் சொல்லாம விட்டுடுங்க.”

மேடத்தின் கையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது.